விரக்தி

விரக்தி என்பது, வேண்டியது மீண்டும் மீண்டும் தடைபட்டு, வேண்டும் என்ற ஆசையே விட்டுப்போகும் மனநிலை. வடமொழியிலிருந்து வந்த சொல். ‘ரக்தி’ என்றால் பற்று. ‘வி’ என்னும் முன்னொட்டு அதை நீக்குகிறது. சமய நூல்களில் விரக்தி குறையன்று, பேறு. உலகப் பற்றை விட்ட துறவியின் பக்குவம். ‘விரத்தி’ என்ற தமிழ் வடிவத்துக்கும் அதுவே பொருள். கன்னட நாட்டு வீரசைவர் தம் துறவியரை இன்றும் ‘விரக்தர்’ என்கிறார்கள். அவர்களுக்கென்று விரக்த மடங்களும் உண்டு.

இன்றைய தமிழில் பற்றைத் தானாக விட்டவருக்கு விரக்தி வருவதில்லை. விடும்படி ஆனவருக்கே வருகிறது. உடன்பிறந்த சொல்லான வைராக்கியமும் பற்றின்மையில் தொடங்கி, பிடித்த பிடியை விடாத உறுதியைக் குறிக்க வந்துவிட்டது.

ஏமாற்றம் ஒரே நாளில் வரும். விரக்திக்குக் காலம் வேண்டும். கோபத்தில் இன்னும் எதிர்பார்ப்பு இருக்கிறது. கத்துகிறவர் யாராவது கேட்பார்கள் என்று நம்புகிறார். விரக்தியில் பேசுகிறவர் குரலை உயர்த்துவதில்லை. “என்னத்தச் செஞ்சு என்ன ஆகப்போகுது” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ‘விரக்திச் சிரிப்பு’ என்ற வழக்கு உண்டாக இந்த ஆறிய தன்மையே காரணம். படித்தும் வேலை கிடைக்காத இளைஞர்களின் இம்மனநிலையை 1980-இல் வெளிவந்த ‘வறுமையின் நிறம் சிவப்பு’, ‘நிழல்கள்’ ஆகிய இரு படங்களும் எடுத்துக்கொண்டன.

உளவியலில் 1939-இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் டாலர்டு முதலிய ஐவர், விருப்பம் தடைபட்டால் அது தாக்கும் உணர்ச்சியாக மாறும் என்றனர். அவர்களுள் ஒருவரான நீல் மில்லர் 1941-இல், தாக்குதல் பல விளைவுகளுள் ஒன்று மட்டுமே என்று திருத்தினார். தமிழர் விரக்தி என்று சொல்வது, கொதித்து அடங்கிய பின் வரும் விளைவை. முதற்கோட்பாட்டின் கொதிப்புக்கு இச்சொல் பொருந்தாது.

‘வாழ்க்கையில் விரக்தி அடைந்து தற்கொலை’ என்பது நாளிதழ்களில் தேய்ந்த தொடர். கடன், வேலையிழப்பு, தீராத நோய், வீட்டுக் கொடுமை என்று தடை எதுவாக இருந்தாலும் அதை எழுதாமல் விரக்தியை மட்டும் காரணமாகக் காட்டினால், பழி முழுவதும் இறந்தவரின் மனத்தின்மேல் விழுகிறது.