விளைச்சலும் தவணையும்

மன்னார்ப் பெருநிலப்பரப்பிலுள்ள உயிலங்குளம் நெல் விளையும் ஊர். கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பிய அவ்வயற்புறத்தில் உழவன் கையிற் பணம் புழங்குவது அரிவு வெட்டுக்குப் பின்னரே. ஆதலின் விதைப்பிலே பெற்ற கடன் விளைச்சலிலே தீர்வதுதான் இயல்பு.

இவ்வியல்பை உணர்ந்த ஏற்பாடு ஒன்று முன்னரே இருந்தது. 1911ஆம் ஆண்டில் இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் இயற்றப்பட்டது. ஜெர்மனியில் ரைபைசன் காட்டிய வழியைத் தழுவிய அச்சங்கங்களில், கொடுப்போரும் கொள்வோரும் ஓரூரார். ஒருவர் தவறினால் ஏனையோர் பொறுப்பேற்க வேண்டும். ஆகவே, கேட்பவருக்கு நிலம் எவ்வளவு, பழங்கடன் எவ்வளவு என்று ஆராய்ந்தே கடன் வழங்க வேண்டியிருந்தது.

2009இல் போர் முடிந்தபின் நுண்கடன் நிறுவனங்கள் பல வடபுலத்துக்கு வந்தன. உடைமை இழந்த குடும்பங்களுக்குப் பணம் தேவையாயிருந்தது. இங்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றனர். ஆனால் ஒரு வேறுபாடு: பழைய சங்கத்தில் பிணை நின்றோரே கடனைத் தீர்மானித்தனர், புதிய முறையில் தீர்மானித்தது தொலைவிலுள்ள தலைமையகம் விதித்த இலக்கு. இத்தனை பேருக்குக் கடன் கொடுத்தல், இத்தனை தவணை திரட்டுதல் என்பதே கள அலுவலருக்கு அளவுகோல். அதில் தவறினால் அவருடைய ஊதியமும் வேலையும் ஆட்டங்காணும். அந்த நெருக்குதல் படலையடியில் நிற்கும் பெண்மீது இறங்கிற்று. வயல் போகத்துக்கு ஒருமுறை விளைய, தவணையோ வாரந்தோறும் வந்தது. ஒரு கடனை அடைக்க மறுகடன் பிறந்தது.

இவ்வாறான நிலை ஆந்திரப் பிரதேசத்தில் முன்னரே முற்றியிருந்தது. கடன் சுமையால் பலர் உயிர் மாய்த்த செய்திகள் எழவே, 2010இல் அம்மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து வாரத் தவணையை மாதத் தவணையாக்கியது. இலங்கையில் 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல், வறட்சியுற்ற 12 மாவட்டங்களில், பெண்கள் கட்டமுடியாது நின்ற ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. அவ்வாண்டின் இறுதியில், உரிமம் பெற்ற நிதி நிறுவனங்களின் நுண்கடன் வட்டிக்கு மத்திய வங்கி ஆண்டுக்கு நூற்றுக்கு 35 என உச்சவரம்பு விதித்தது.

வட்டிக்கு வரம்பு நன்று. இலக்குக்கும் வரம்பு வேண்டும். "இக்கடன் உங்களுக்குத் தாங்காது" என்று சொல்லும் உரிமை அலுவலருக்கு இருக்குமாயின், அவரும் பிழைப்பார், உழவரும் பிழைப்பர்.