கடவமும் பிளாஸ்டிக் பெட்டியும்

குமரி மாவட்டத்தில் ஒரு காலத்தில் சரக்கு தலைச்சுமையாகவும் நகர்ந்தது. அதற்கேற்ற கொள்கலன் பனையோலைக் கடவம். குளச்சல், முட்டம் கரைகளில் மீன் வாங்கிய பெண்கள் அதில்தான் சுமந்தார்கள். பனைமட்டை நாரால் வரிந்த விளிம்பு, நீர் கசிந்தோடும் பின்னல். பலவீனத்தால் கடவம் தோற்றது என்பதை நான் ஏற்கவில்லை, மாறியது பயணம். 1953-இல் கொல்லம் அருகே நீண்டகரையில் தொடங்கிய இந்தோ-நார்வே திட்டம் இக்கரையோரத்தில் விசைப்படகுக்கும் ஐஸுக்கும் வழி திறந்தது. மீன் லாரியேறித் தொலைதூரம் போயிற்று. லாரியில் அடுக்கினால் கடவம் நசுங்கும், பாரம் மீனில் இறங்கும். பிளாஸ்டிக் பெட்டியிலோ பாரத்தைச் சுவர்களே தாங்கும்.

கழுவலாம், நெடுநாள் உழைக்கும், எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக்கே போதும் என்பார்கள். மீனுக்குச் சரி. கருப்பட்டிக்கு ஐஸும் இல்லை, கழுவலும் இல்லை. அதற்குக் காற்றுப் புகும் ஓலைப்பெட்டியே உகந்தது. கருப்பட்டி வாங்குவோர் ஓலைப்பெட்டியிலேயே கேட்டு வாங்குங்கள். முடைபவர் கைக்கு வேலை கிடைக்கும்.