திருட்டு வட்டும் நியாய விலையும்

தோட்டங்களை ஒட்டிய பாசார் மாலாம்களில் ஒரு காலத்தில் குவித்து விற்ற திருட்டுப் பட வட்டுகளை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அசல் வட்டு ஒன்றின் விலைக்குத் திருட்டு வட்டுகள் பல கிடைத்தன. நாட்கூலியில் குடும்பம் நடத்தியவர்கள் எதை வாங்கியிருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமோ?

மலேசிய அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. 1987இல் பதிப்புரிமைச் சட்டம் இயற்றியது. வட்டுத் தொழிற்சாலைகள் உரிமம் பெற வேண்டுமென 2000ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. 2003 முதல் அசல் வட்டுகளில் மின்னும் முத்திரை ஒட்டப்பட்டது. 2007இல் லக்கி, ஃபுளோ என்னும் இரண்டு கறுப்பு லாப்ரடார் நாய்களைக்கூடத் தருவித்தார்கள். ஜோகூர் பாருவில் பெருந்தொகையான வட்டுகள் பதுங்கியிருந்த இடத்தை அவை மோப்பம் பிடித்துக் காட்டின. அவற்றைக் கொல்வோருக்குக் கள்ளக் கும்பல் பணம் பேசியதாகச் செய்தியும் வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாய்க்குத் தெரிவது வட்டு செய்யும் பாலிகார்பனேட்டின் வாசனைதான். அசல், போலி இரண்டுக்கும் அதே வாசனை! எது திருட்டு என்று மனிதர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அசலுக்கு ஏன் அவ்வளவு விலை? வட்டு அச்சிட ஆகும் செலவு சொற்பமே. தயாரிப்பாளர், இசையமைப்பாளர், விநியோகஸ்தர், கடைக்காரர் எல்லார் பங்கும் அந்த விலைக்குள் அடங்க வேண்டும். திருடுகிறவன் இவர்களில் எவருக்கும் காசு கொடுப்பதில்லை. படப்பிடிப்பில் விளக்குத் தூக்குபவரும் துணி தைப்பவரும் நம்மைப் போலக் கூலிக்காரர்களே; படம் நட்டப்பட்டால் அடுத்த வேலை அவர்களுக்கும் இல்லை.

ஆகவே விலையைக் குறைக்கவே முடியாது என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். அது முழு உண்மையன்று என்பதை இந்தியா காட்டியது. தமிழ்நாட்டில் 2004இல் திருட்டு வீடியோக்காரர்களையும் குண்டர் சட்டத்தில் சேர்த்தார்கள். அப்படியும் வியாபாரம் ஓயவில்லை. 2007இல் மோசர் பேயர் என்ற நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்க முன்வந்தது. வெற்று வட்டுகளைத் தன் ஆலைகளிலேயே ஏராளமாகச் செய்துவந்த நிறுவனம் அது. தமிழ் உட்படப் பல மொழிப் படங்களின் உரிமையை மொத்தமாக வாங்கிக் கொண்டது. கொஞ்ச இலாபம், நிறைய விற்பனை என்பதே கணக்கு. சட்டத்தை மீற மனமில்லாத ஏழைக்கு அந்த விலை ஒரு வழியைத் திறந்தது என்றே நாம் கருதுகிறோம்.

பின்னர் மக்கள் படத்தைக் கைப்பேசியில் பார்க்கத் தொடங்கினார்கள். வட்டு வியாபாரமே சுருங்கிப் போயிற்று. கடனில் மூழ்கிய மோசர் பேயரைக் கலைக்கும்படி 2018இல் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.