பென்னி வங்கி பிறந்த கதை

1903 நவம்பர் 2. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் தலைநகரான ரிச்மண்டில் புதிய வங்கி ஒன்று திறக்கப்பட்டது. பெயர், செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கி. முதல் நாளிலேயே 280 பேர் பணம் போட்டார்கள். 8,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. வந்தவர்களில் ஒருவர் போட்டது வெறும் 31 சென்ட். அதையும் வங்கி வரவு வைத்துக்கொண்டது. வங்கியின் தலைவர் மேகி லீனா வாக்கர். அமெரிக்காவில் ஒரு வங்கியை நிறுவித் தலைமையேற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

மேகியின் தாய் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். 1876-இல் வளர்ப்புத் தந்தை ஆற்றில் பிணமாகக் கிடந்த பிறகு, வீட்டில் அடுப்பெரிந்தது தாயின் சலவை வேலையால்தான். வெள்ளையர் வீடுகளிலிருந்து அழுக்குத் துணியை வாங்கி வந்து, வெளுத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பது சிறுமி மேகியின் பொறுப்பு. அந்த நிலையிலும் படித்து 1883-இல் பள்ளி ஆசிரியர் ஆனார். 1886-இல் திருமணம் நடந்தது. மணமான பெண்கள் கற்பிக்கக் கூடாது என்பது அன்றைய விதி. கறுப்பினத்தவர் என்பதால் பல வேலைகள் ஏற்கெனவே கிட்டாதவை. மிஞ்சியிருந்த ஒன்றும் மணமான பெண் என்பதால் பறிபோனது.

அந்நாளில் ரிச்மண்டின் கறுப்பினப் பெண்களுக்குக் கிடைத்த வேலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்: வீட்டு வேலை, சமையல், சலவை, புகையிலை ஆலையில் காம்பு கிள்ளுவது. கடைக் கல்லாவிலோ அலுவலக மேசையிலோ அவர்களைக் காண்பது அரிது.

மேகி 14 வயதிலேயே செயின்ட் லூக் சங்கத்தில் சேர்ந்திருந்தார். 1867-இல் மேரி ப்ரவுட் என்ற கறுப்பினப் பெண் பால்டிமோரில் தொடங்கிய சங்கம் அது. உறுப்பினரிடம் சிறு சந்தா வாங்கி, நோய்நொடிக்கும் ஈமச் செலவுக்கும் கைகொடுத்தது. 1899-இல் மேகி அதன் செயலாளரானபோது கையிருப்பு 31 டாலர் 61 சென்ட்; கடனோ 400 டாலர். முந்தைய செயலாளர் வாங்கிய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கே பொறுப்பை ஏற்றார்.

1901 ஆகஸ்டில் சங்க மாநாட்டில் தன் திட்டத்தைச் சொன்னார்: நமக்கொரு பத்திரிகை வேண்டும், தொழில் வேண்டும், வங்கி வேண்டும். நம் காசை நாமே திரட்டி, நாமே கடன் கொடுத்து, பலனையும் நாமே பெறவேண்டும். 1902-இல் பத்திரிகை வந்தது. அதே ஆண்டு வர்ஜீனியாவின் புதிய அரசியல் சட்டம், வாக்குவரி போன்ற நிபந்தனைகளால் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பெரும்பாலும் பறித்தது. வாக்கு போன ஊரில் காசாவது தங்கள் கையில் இருக்கவேண்டும் என்பது அவசரத் தேவையானது. வெள்ளையர் வங்கி ஒன்றில் உட்கார்ந்து வங்கித் தொழிலை நேரில் பார்த்துக் கற்றுக்கொண்ட பிறகே மேகி தன் வங்கியைத் திறந்தார்.

கறுப்பினத்தவர் நடத்திய வங்கி அந்த ஊருக்குப் புதிதல்ல. மேகியின் வங்கியில் பெண்கள் எழுத்தராக மட்டும் இல்லாமல் இயக்குநர் குழுவிலும் அமர்ந்ததே புதிது. சலவைத் தொழிலாளர்களின் சில்லறை வங்கிக்கு வந்தது. குழந்தைகளுக்குச் சிறு அட்டை உண்டியல் தரப்பட்டது. அதில் ஒரு டாலர் சேர்ந்தால் கணக்குத் தொடங்கலாம். சிறுதுளி பெருவெள்ளம் ஆனது. 1920 வாக்கில் 600-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடு வாங்க இந்த வங்கி துணைநின்றிருந்தது.

எல்லாமே வெற்றி என்று சொல்ல முடியாது. கறுப்பினப் பெண்களுக்கு விற்பனை வேலை தருவதற்காக 1905-இல் திறந்த எம்போரியம் என்ற பெரிய கடை, வெள்ளை வணிகர்களின் எதிர்ப்போடு மல்லுக்கட்டிச் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. வங்கி நிலைத்தது. பெருமந்தக் காலத்தில் வேறு கறுப்பின வங்கிகளோடு இணைந்து கன்சாலிடேட்டட் வங்கியாகத் தாக்குப்பிடித்தது. மேகி அதன் இயக்குநர் குழுத் தலைவரானார். அப்போது அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். 1934-இல் மறைந்தார்.

பணியிடச் சமத்துவத்தை முதலாளியின் நல்ல மனத்துக்கு விட்டுவிட்டால், மனம் மாறும் நாளில் அதுவும் போய்விடும். மேகி பிடித்தது வேரை: யாருக்கு வேலை, யாருக்குக் கடன் என்று தீர்மானிக்கும் இடத்திலேயே கறுப்பினப் பெண்களை உட்காரவைத்தார். இன்று ஒரு நிறுவனம் தன் ஊழியர் பட்டியலில் எத்தனை பெண்கள், எத்தனை சிறுபான்மை இனத்தவர் என்று காட்டும்போது, கூடவே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. காசோலையில் கையெழுத்திடும் அதிகாரம் அவர்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது?