மறுபடியும் ஒரு பள்ளிக்கூடம்

போன வருஷம் கார்த்திகை மாதம் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, சேலத்திலேயே ஆறு வாரம் மறுவாழ்வுப் பயிற்சிக்குச் சேர்த்தோம். மூன்றாம் நாள், பயிற்சி கொடுக்கும் பெண் என்னைத் தனியாக அழைத்தாள். "தாத்தா, நீங்க இட்லி ஊட்டிவிடறதை இன்னையோட நிறுத்திடணும். சிந்தினாலும் பரவாயில்லை, பாட்டியே சாப்பிடட்டும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நாற்பத்தெட்டு வருஷம் எனக்குச் சோறு போட்ட கை அது. அவளுக்கு நான் ஊட்டினால் என்ன தப்பு?

அன்று இரவு தூக்கம் வரவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்த காலத்துச் சொல் ஒன்று நினைவுக்கு வந்தது. இந்தச் சிகிச்சையைப் பிரெஞ்சுக்காரர்கள் 'ரேஎதுகாசியோன்' என்பார்கள். மறுபடியும் கல்வி கற்பது என்று பொருள். பிள்ளைக்குப் பதிலாக அப்பா போய்ப் பரீட்சை எழுத முடியுமா? அந்தப் பெண் சொன்னது அப்போதுதான் புரிந்தது.

இந்தப் பள்ளிக்கூடம் நம் நாட்டில் எப்படி வேரூன்றியது என்று தேடிப் படித்தேன். அந்தக் கதையின் ஒரு முனை நம் பக்கத்து மலையில் இருக்கிறது.

ஏற்காட்டுக்குத் தெற்கே உள்ள கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. பழைய ஆட்களுக்கு அது சேலம் ஜில்லாதான். அங்கே ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதிக்கு 1914-இல் ஒரு மகன் பிறந்தான். அவர்தான் டாக்டர் பால் பிராண்ட். இங்கிலாந்தில் படித்து, அறுவை மருத்துவராகி, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

தொழுநோய் நரம்பைத் தாக்கும்போது விரல்கள் மடங்கி, கை பறவையின் நகம்போல ஆகிவிடும். நல்ல நிலையில் இருக்கும் வேறொரு தசையின் நாணை எடுத்து விரல்களில் இணைத்து, மடங்கிய கையை விரிய வைத்தார் பிராண்ட். ஆனால் கத்தியோடு வேலை முடிந்துவிடாது. மாவுக்கட்டு பிரித்த பிறகு, வேறு வேலை பார்த்துப் பழகிய தசைக்குப் புது வேலையைச் சொல்லித்தர வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் பயிற்சி.

அதற்குப் பிறகும் ஒரு சிக்கல் வந்தது. கை நேரான சிலர் திரும்பி வந்து வருத்தப்பட்டார்கள். முன்பு மடங்கிய கையைப் பார்த்துப் பிச்சை போட்டவர்கள் இப்போது போடுவதில்லை. நோயின் தழும்பைப் பார்த்து வேலை கொடுப்பாரும் இல்லை. கையைச் சரிசெய்தால் மட்டும் போதாது, அந்தக் கைக்கு ஒரு தொழிலும் வேண்டும் என்று பிராண்ட் உணர்ந்தார். கல்லூரி வளாகத்திலேயே குடிசைகள் போட்டு ஒரு புதுவாழ்வு மையம் தொடங்கினார். நோயாளிகள் அங்கே தங்கித் தச்சுவேலை போன்ற தொழில்களைக் கற்றார்கள்.

அந்த வேலூரில் மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் இருந்தார். கொச்சிப் பக்கத்தைச் சேர்ந்தவர். 1954-இல் சக டாக்டர்களோடு போன வண்டி கவிழ்ந்து, அவருடைய முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. வயது முப்பதுகூட ஆகவில்லை.

அந்த நிலைமை எவ்வளவு கொடியது என்பதற்குக் கொஞ்சம் வெளியுலகக் கதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு முதுகுத்தண்டு முறிந்தவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சீக்கிரமே இறந்துபோவார்கள். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் இப்படிப்பட்டவர்களுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கி, இந்தத் தலைவிதியை மாற்றிக் காட்டினார்.

மேரியிடம், "உட்கார்ந்துகொண்டே கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யலாமே" என்ற யோசனையைச் சொன்னவர் பிராண்ட்தான். அப்படியே சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்தார் மேரி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்று, பிறர் உதவியில்லாமல் தன் காரியங்களைத் தானே செய்துகொள்ளப் பயிற்சி பெற்றார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் என்ற முன்னோடியின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் கற்றார். 1963-இல் வேலூர் திரும்பி அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெற நம் நாட்டில் தோன்றிய முன்னோடி நிலையம் அது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-இல் காலமானார்.

பனைமரத்திலிருந்து விழுந்தவர், கிணற்றில் தவறி விழுந்தவர், லாரியில் அடிபட்டவர் என்று இப்படிப்பட்ட நிலையங்களுக்குப் பலர் வருகிறார்கள். அங்கே நடக்கும் பாடங்கள் கேட்பதற்குச் சின்னவைதான். கைகளை ஊன்றி உடம்பை அடிக்கடி உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் புண் வந்துவிடும். உணர்ச்சியில்லாத தோலைக் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற வேண்டும். சட்டை போட வேண்டும். சிறுநீரைத் தானே வெளியேற்றிக்கொள்ள வேண்டும். சிலருக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள். எல்லோருக்கும் கடைசி நாள் என்று ஒன்று உண்டு. பள்ளியில் படித்தது வீட்டில் நடக்கவேண்டும் அல்லவா?

எல்லோரும் எழுந்து நடந்துவிடுவதில்லை. மேரி வர்கீஸும் நடக்கவில்லை. நடக்காமலே தன் வாழ்க்கையைத் தன் கைக்குக் கொண்டுவந்தார். இதைப் படித்த பிறகுதான், "எப்போ நடப்பாள்?" என்று டாக்டரை நான் தினமும் நச்சரித்ததை நிறுத்தினேன்.

நம் வயதுக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. பிராண்டின் தாயார் எவலின், முதுமையில் கால் சரியில்லாதபோது இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றிக்கொண்டு நம் சுற்றுவட்டார மலைக் கிராமங்களில் வைத்தியம் பார்த்தவர். 1974-இல் 95-ஆம் வயதில் காலமானார். கம்பு ஊன்றினால் கௌரவம் போய்விடும் என்று வீட்டுக்குள்ளேயே முடங்கும் நண்பர்கள் அந்த அம்மையாரை நினைத்துக்கொள்ளலாம்.

ஆறு வாரம் முடிந்து அடிவாரத்துக்கு வீடு திரும்பினோம். வாசற்படியில் சரிவு மேடை போட்டோம், குளியலறையில் பிடி வைத்தோம். பிடி தடித்த கரண்டியால் அவளே சாப்பிடுகிறாள். இன்று காலை எனக்குக் காபி ஆற்றிக் கொடுத்தாள். பாதி டவராவில், மீதி தரையில். எழுந்து போய் வாங்கிவிடலாமா என்று கை பரபரத்தது.

எழவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு வாரத்தில் நான் கற்ற பாடம் அது ஒன்றுதான். அவளுடைய பாடங்களைவிட அது கஷ்டமாகத்தான் இருக்கிறது.