அறநிலமும் ஆங்கிலச் சட்டமும்: ஜார்ஜ்டவுன் வக்பு நிலங்கள் குறித்து ஒரு நோக்கு

பொதுநிலம் யாருக்குரியது? கொடுத்தவருக்கா, காப்பவருக்கா, அதில் வாழ்பவருக்கா? சட்டச் சமூகவியல் எழுப்பும் இவ்வினாவைப் பினாங்குத் தமிழ் முஸ்லிம்களின் வக்பு நிலங்களை முன்வைத்து இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

1801ஆம் ஆண்டில் சர் ஜார்ஜ் லீத் பினாங்கை நிருவகித்த காலத்தில், கிழக்கிந்தியக் கும்பினி பள்ளிவாசலுக்கென 18 ஏக்கர் நிலம் வழங்கியது. காதர் மொகிதீன் தலைமையில் அங்கு எழுந்ததே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். தொழுமிடத்துடன் அடக்கத்தலமும் குடியிருப்புகளும் அந்நிலத்தில் அமைந்தன. வக்பாக அளிக்கப்பட்ட நிலத்தை விற்கவோ பங்கிடவோ இயலாது. அதன் பயன் என்றென்றும் அறத்திற்கே உரியது.

இந்த 'என்றென்றும்' என்பதே ஆங்கிலச் சட்டத்துடன் முரண்பட்டது. நிலம் கைமாறாமல் முடங்கிவிடக்கூடாது என்பது அச்சட்டத்தின் கொள்கை. பொது அறத்திற்கு மட்டுமே விலக்கு உண்டு. 1807ஆம் ஆண்டுச் சாசனத்தின் வழி பினாங்கில் ஆங்கிலச் சட்டம் நிலைபெற்றது என 1871இல் ஃபாத்திமா எதிர் லோகன் வழக்கில் நீதிபதி ஹேக்கட் தீர்ப்பளித்தார். 1875இல், பினாங்குச் சீனக் குடும்பமொன்றின் முன்னோர் வழிபாட்டிற்கென விடப்பட்ட சொத்து பொது அறமாகாது என இலண்டன் பிரிவி கவுன்சில் முடிவு செய்தது. கந்தூரிக்கென எழுதிவைத்த சொத்துகளும் இதே அளவுகோலால் செல்லாதவையாயின. ஏழைகள் உண்ட கந்தூரி, நீதிமன்றத்தின் பார்வையில் இறந்தவரின் தனிநலமாகவே தோன்றியது. எது 'பொது' என்பதை வரையறுக்கும் அதிகாரம் சமூகத்தின் கையைவிட்டு அகன்றது என்பதே இங்குக் கருதத்தக்கது.

நிருவாகச் சீர்கேடுகள் பற்றிய முறையீடுகளுக்குப்பின், 1905இல் முகமதிய இந்து அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டு அரசு வாரியம் அமைந்தது. கணக்குகள் ஒழுங்குபெற்றன, நிலமும் சிதையாமல் காக்கப்பட்டது. ஆயினும் பள்ளிவாசலைச் சுற்றியிருந்த பழைய குடியிருப்பு அகற்றப்பட்டு, வாடகை ஈட்டும் கட்டடங்கள் எழுந்தன. அறம் பிழைத்தது, அதன் நிழலில் வாழ்ந்தோர் இடம்பெயர்ந்தனர்.

பிற்காலத்தில் நகரின் பழைய வீடுகளில் குடியிருந்தோருக்கு அரணாயிருந்த 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் அப்பாதுகாப்பு முற்றாக ஒழிந்தது. 2008இல் ஜார்ஜ்டவுன் உலக மரபுடைமை நகரானபோது கட்டடங்கள் காப்புப்பெற்றன. குடியிருப்போரின் உரிமை அக்காப்பினுள் அடங்கவில்லை.

ஆகவே, கொடையாளரின் விருப்பத்தையும் காப்பாளரின் அதிகாரத்தையும் ஏற்கும் சட்டம், வாழ்வோரின் பழக்க உரிமைக்கு உரிய இடம் தரவில்லை என்பது நம் முடிவு. அப்பழக்கத்தின் சான்றுகள் உயில்களிலும் கொடைப் பத்திரங்களிலும் குடும்ப ஏடுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் தமிழில் உள்ளவற்றைத் தேடிப் படித்துப் பதிப்பித்தல் தமிழ்த்துறையினரின் கடமையாகும்.