விரிசல் விட்ட இன்ஜினுக்கு வைத்தியம்

பி.காம். படிக்கிறவனுக்கு இன்ஜினோடு என்ன வேலை என்று சிரிக்காதீர்கள். சுற்றி வளைத்துக் கடைசியில் கணக்கில்தான் வந்து நிற்கப் போகிறேன்.

இன்ஜினின் உடம்புக்குப் பெயர் பிளாக். அதன் மேல் மூடியாக உட்காருவது ஹெட். லாரி, டிராக்டர், ஜெனரேட்டர் என்று பெரும்பாலான டீசல் இன்ஜின்களில் பிளாக் வார்ப்பிரும்புதான். அந்த இரும்பில் 2 முதல் 4 சதவீதம் வரை கார்பன் இருக்கும். அதில் பெரும்பகுதி செதில் செதிலாகக் கிராஃபைட்டாகக் கிடப்பதால் கடைவது சுலபம். ஆனால் வளையத் தெரியாது, உடையத்தான் தெரியும். கொதித்துப் போன இன்ஜினில் அவசரப்பட்டுப் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் போதும், ஹெட்டில் மயிரிழை மாதிரி விரிசல் விழுந்துவிடும். தண்ணீர் ஆயிலில் கலந்து பால் விட்ட காபி நிறத்தில் வரும்போதுதான் விஷயமே தெரியும்.

சரி, வெல்டிங் அடித்துவிட்டால்? அங்கேதான் சிக்கல். சூடு பட்ட இடம் கண்ணாடி போலக் கெட்டியாகிவிடும். ஆறும்போது பழைய விரிசலுக்குப் பக்கத்திலேயே புது விரிசல் விடும். அதனால் வார்ப்பிரும்பு உடைந்தால் காயலான் கடைக்குத்தான் என்ற எண்ணம் ரொம்ப காலம் இருந்தது.

அந்த எண்ணத்தை அசைத்தது முதல் உலகப்போர். 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியதும், தன் துறைமுகங்களில் நின்ற ஜெர்மன் கப்பல்களைக் கைப்பற்றியது. ஏறிப் பார்த்தால், பல கப்பல்களின் வார்ப்பிரும்பு சிலிண்டர்களை ஜெர்மன் மாலுமிகளே உடைத்து வைத்திருந்தார்கள். புதிதாக வார்க்க மாதக்கணக்கில் ஆகும் என்ற நிலையில், கடற்படைப் பொறியாளர்கள் மின்சார வெல்டிங்கையும் ஒட்டுத் தகடுகளையும் நம்பி இறங்கினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அந்தக் கப்பல்களில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்!

அடுத்த படி 1930களில், டெக்ஸாஸ் எண்ணெய் வயல்களில். நெருப்புப் பொறி பட்டால் எல்லாம் போய்விடும் இடத்தில் வெல்டிங் எப்படிச் செய்வது? அதற்குப் பிறந்ததுதான் இரும்பைத் தைக்கும் முறை. விரிசல் மேலும் ஓடாமல் இருக்க அதன் முனையில் ஒரு துளை. குறுக்கே வரிசையாகக் காடி வெட்டி, அதில் உலோகச் சாவிகளை அடித்து இறக்குவார்கள். விரிசல் நெடுக ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு நிற்கும் திருகுகள். சூடே கிடையாது. துணி தைப்பது மாதிரியேதான்.

நம்ம ஊருக்கு வருவோம். 1950களின் நடுவில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவை விட்டுக் கிளம்பின. அவர்கள் விட்டுப்போன லாரிகள் ரோட்டில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் உதிரிபாகம் இறக்குமதி செய்ய லைசென்ஸ் வேண்டும், அந்நியச் செலாவணியும் வேண்டும். புது பிளாக் வாங்குவது லேசான காரியமா? கரி நெருப்பில் முழு பிளாக்கையும் சிவக்கக் காய்ச்சி, வார்ப்பிரும்புக் கம்பியால் கேஸ் வெல்டிங் செய்து, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிடும் கைப்பக்குவத்துக்கு மதிப்பு வந்தது இப்படித்தான்.

1958-ல் கிண்டி தொழிற்பேட்டை வந்தது. பக்கத்தில் இருக்கும் ஈக்காட்டுத்தாங்கலிலும் லேத் பட்டறைகள், சின்னச் சின்னத் தொழிற்கூடங்கள் பெருகின. தாங்கல் என்றால் சிறிய ஏரி. பேரில் மட்டுமல்ல, அருகிலும் தண்ணீர்தான்: அடையாறு.

அந்த அடையாறு 2015 டிசம்பர் 1-ம் தேதி இரவு ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. செம்பரம்பாக்கத்திலிருந்து மட்டும் விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. மூழ்கிய வண்டியை அவசரமாக ஸ்டார்ட் செய்தால் என்ன ஆகும்? காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளையும். சில சமயம் உடைந்து பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும். சாதாரண இன்சூரன்ஸ் பாலிசியில் இதற்குப் பணம் கிடைப்பது கஷ்டம். 'வெள்ளத்தால் வந்த சேதம் இல்லை, ஸ்டார்ட் செய்ததால் வந்தது' என்பார்கள். ஊரெல்லாம் ரிப்பேர் வேலை குவிந்து கிடந்த அந்த நேரத்தில், ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைகளின் லேத்துகளும் மோட்டார்களுமே சேற்றில் கிடந்தன. வைத்தியர் வீட்டுக்கே காய்ச்சல்.

இப்போது கணக்கு. பழைய நிலைக்குக் கொண்டுவரும் ரிப்பேர் எங்கள் பாடத்தில் வருவாய்ச் செலவு. லாப நட்டக் கணக்கில் ஒரே வரி, அதோடு முடிந்தது. ஆனால் பிளாக்கில்தான் இன்ஜின் நம்பர் பொறித்திருக்கிறது. பிளாக் மாறினால் ஆர்.சி. புத்தகத்திலும் மாற்ற வேண்டும். அதாவது பட்டறைக்காரர் காப்பாற்றிக் கொடுப்பது வண்டியின் அடையாளத்தையும் சேர்த்துத்தான். பட்டறையைக் கணக்கெடுத்தால் லேத்துக்குத் தேய்மானம் போடுவோம். அதை ஓட்டும் கைக்கு, அது கற்ற முப்பது வருஷ வித்தைக்கு, ஐந்தொகையில் இடமே இல்லை. லேத் சேற்றில் போனால் இன்னொன்று வாங்கலாம். அந்தக் கை தொழிலை விட்டுப் போனால்?

உங்கள் ஊரில் இந்த வித்தை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்களா? பின்னூட்டத்தில் சொல்லுங்களேன்.